தொலைந்த பார்சலுக்கு யார் பொறுப்பு?



நம் தோட்டத்துப் பெண்கள் சிலர், தாங்கள் தைத்த ரவிக்கைகளைக் கைப்பேசி வழியே வெளிநாட்டுக்கும் விற்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் வழியில் பார்சல் தொலைந்தால்? வாங்கியவர் தபால் நிலையத்தைக் கேட்கமாட்டார். காசு வாங்கிய உங்களைத்தான் கேட்பார்.

உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி, பதிவு செய்யாத சிறு பொட்டலம் தொலைந்தால் இழப்பீடு இல்லை. பதிவுத் தபாலுக்கும் பார்சலுக்கும் உண்டு. அதற்கும் வரம்பு இருக்கிறது. ஆகவே, விலை கூடிய சரக்கென்றால், அந்த நாட்டுக்குக் காப்புறுதி உண்டா என்று கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சுங்கவரிக்குப் பயந்து 200 ரிங்கிட் பொருளை 50 என்று எழுதிக் காப்புறுதி செய்தால், கிடைப்பதும் 50-ஐத் தாண்டாது.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதங்களுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். சிறு கட்டணத்தை மிச்சம் பிடிக்கப்போய், இரவெல்லாம் தைத்த உழைப்பை இழக்கலாமா?