செவ்வாய் ஆய்வில் மனிதரும் எந்திரமும்: திருப்பனந்தாள் வயல்வெளியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

செவ்வாய்க் கோளை ஆராய மனிதரை அனுப்புவதா, எந்திரங்களை அனுப்புவதா என்னும் வினா பெரும்பாலும் செலவையும் துணிவையும் பற்றியதாகவே பேசப்படுகிறது. தொலைவிலிருந்து காணும் கருவி எவ்வளவு அறியும், அருகில் நிற்கும் மனிதரே அறியத்தக்கது எது என்பதே அதன் உள்வினா. காவிரிப் படுகையில் இதற்கு நடைமுறை சார்ந்த விடை ஒன்று உள்ளது.

வானிலிருந்து காணும் வயல்

தஞ்சாவூர் மாவட்டத்துத் திருப்பனந்தாள் பகுதி, கொள்ளிடத்திற்குத் தெற்கே அமைந்த நெல் நிலம். சம்பாப் பயிர் வளரும் ஐப்பசி, கார்த்திகையில் மேகமூட்டம் மிகுதி; ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு அப்போது வயல் தெரிவது அரிது. எனவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பைக் கணக்கிடும் முறையைக் கையாண்டது. நீர் தேங்கிய நடவு வயல் அப்படத்தில் கருமையாகப் பதியும். பயிர் தூர்கட்டி வளர வளர வெளுக்கும். ஆயினும் படம் மட்டும் சான்றாவதில்லை. வரப்பில் நடந்து, நிற்பது நெல்தானா, எந்தப் பருவத்தில் உள்ளது எனப் பதிந்த களத்தரவோடு அது ஒப்பிடப்படுகிறது. பயிர்க் காப்பீட்டிலும் 5 மீட்டர் நீள அகலமுள்ள பரப்பை அறுத்து, அடித்து, எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனை வழக்கில் உள்ளது. இழப்பீட்டுத் தொகை அதனைச் சார்ந்தது. உழவரின் கண் தராசின்மீது இருப்பதில் வியப்பில்லை.

வரப்பில் ஆளில்லாத கோள்

செவ்வாயில் அவ்வாறு சரிபார்க்க ஒருவரும் இல்லை. இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5-இல் ஏவப்பட்டு, 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன். செலவு ஏறத்தாழ 450 கோடி ரூபாய். அன்று சமிக்ஞை ஒருவழி செல்லவே 12 நிமிடங்களுக்கு மேலாயிற்று. ஆதலின், முன்னரே பதிந்து வைத்த கட்டளைகளின்படி கலம் தானாகவே எந்திரத்தை இயக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. (சீவக சிந்தாமணியில் விசயை மயங்கிய பின்னும் மயிற்பொறி தரையிறங்குவது இங்கு நினையத்தக்கது.) ஆறு மாதங்களுக்கெனத் திட்டமிடப்பட்ட கலம் 2022 வரை தொடர்பில் இருந்தது. எந்திரத்தின் பொறுமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. எனினும் அதன் மீத்தேன் உணரி அவ்வளிமத்தை உறுதிப்படுத்த இயலாததாக அமைந்தது. செப்பனிடும் கை அங்கில்லாததால், மேற்பரப்பின் ஒளி எதிரொளிப்பை வரைபடமாக்க அது பயன்படுத்தப்பட்டது.

நாசாவின் இன்சைட் கலம் இக்குறையை இன்னும் தெளிவாகக் காட்டியது. நிலவெப்பத்தை அளக்க 5 மீட்டர் ஆழம்வரை இறங்கவேண்டிய அதன் துளைகருவி, மண்ணின் பிடிப்பின்மையால் மேற்பரப்பை ஒட்டியே நின்றுவிட்டது. ஏறத்தாழ ஈராண்டு முயற்சிக்குப் பின் 2021 சனவரியில் அது கைவிடப்பட்டது. கடப்பாரையுடன் ஒருவர் நின்றிருந்தால் சிறிது தள்ளி வேறிடத்தில் குத்திப் பார்த்திருப்பார். ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 14 ஆண்டுகளில் 45 கிலோமீட்டர் சென்றது. 1972-இல் அப்பல்லோ 17-இன் இரு வீரர்கள் நிலவில் மூன்றே நாள்களில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஊர்தியோட்டினர். அவர்களுள் நிலவியலாளரான ஹாரிசன் சுமிட், காலடியில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு அங்கேயே நின்று தோண்டினார். திட்டத்தில் இல்லாததைக் கண்டு நிற்கும் இவ்வியல்பே மனிதப் பயணத்துக்கான வலிய வாதம்.

முறைமை பற்றிய சிக்கல்

மனிதர் தனியே செல்வதில்லை. உடலிலும் மூச்சிலும் நுண்ணுயிர்களைக் கொண்டே செல்கின்றனர். செவ்வாயில் உயிர் உண்டா என்பதே தலையாய தேடல் எனின், மனிதர் இறங்கிய பின் கிடைக்கும் உயிர்ச்சான்று எவ்விடத்தது என்னும் ஐயம் எளிதில் நீங்காது. பிற வான்பொருள்களைத் தீங்குற மாசுபடுத்துவதைத் தவிர்க்குமாறு 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையும் கூறுகிறது. எந்திரம் சென்ற பின் மனிதர் செல்லலாம். மனிதர் சென்ற பின் கன்னிநிலம் மீளாது. எனவே எந்திரம் முந்துவதே ஏற்புடையது. மனிதர் செவ்வாயின் சுற்றுப்பாதையில் தங்கி, தரையிலுள்ள ஊர்திகளைக் காலத்தாழ்வின்றி இயக்கலாம் என்னும் இடைவழியும் முன்மொழியப்பட்டுள்ளது. அது கதிர்வீச்சு இடரைப் போக்காது. ஆனால் நிலத்தைக் காக்கும்.

இவ்விடைவழிக்கு முன்னரே தீர்க்கவேண்டிய பணி ஒன்று நிலுவையில் உள்ளது. பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 முதல் பாறை மாதிரிகளைக் குழாய்களில் அடைத்து வருகிறது. அவற்றைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவு மிகுதியால் தடைப்பட்டு நிற்கிறது. கதிர் அறுக்கப்பட்டுவிட்டது, களத்துக்கு வந்து சேரவில்லை.