வாழ்க்கையைத் தேவதைக் கதையாக்கும் 9 ரகசியங்கள்... தெரியுமா?

மாளிகை இல்லை. மந்திரக்கோல் இல்லை. வெள்ளைக் குதிரையில் வந்து இறங்க ராஜகுமாரனும் இல்லை. இருப்பதெல்லாம் மாதக் கடைசி, கரண்ட் பில், குக்கர் விசில். இதில் எங்கிருந்து தேவதைக் கதை வரும் என்கிறீர்களா? வரும்! உலகம் கொண்டாடும் தேவதைக் கதைகள் பிறந்த இடங்களை எட்டிப் பார்த்தால் அங்கேயும் அடுப்பு, பருப்பு, சந்தைக் கூடைதான். படியுங்கள், வியந்துபோங்கள். ஒவ்வொரு ஆச்சரியத்துக்கும் கையோடு ஒரு யோசனை உண்டு. எல்லாமே வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை!

1. கதைகள் சந்தைக் கூடையோடு வந்தன... தெரியுமா?

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களான யாக்கோபும் வில்ஹெல்மும் 1812-ல் தங்கள் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். அதில் 86 கதைகள். காடு மலையெல்லாம் அலைந்து சேகரித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! கதை தெரிந்தவர்கள் பலர் இவர்களைத் தேடி வந்து சொன்னார்கள். அடுத்த தொகுதிக்கு அப்படிக் கதை சொன்னவர்களில் ஒருவர் டோரோதியா ஃபீமன். தையற்காரரின் மனைவி. தோட்டத்தில் விளைந்ததை காஸல் நகரத்துக்குக் கொண்டுவந்து விற்றவர். சகோதரர்களுக்கு அவர் சொன்ன கதைகள் சுமார் 40!

அவர் சொன்ன விதம் இன்னும் அழகு. முதலில் கதையைக் கடகடவென்று சொல்லி முடிப்பாராம். எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து, பேனா பின்தொடரும் வேகத்தில், நிதானமாகச் சொல்வாராம். ஒரு வார்த்தை பிசகினால் தானே திருத்திக்கொள்வாராம். பிறகு வந்த பதிப்பில் அவருடைய உருவப்படத்தையே சகோதரர்கள் அச்சிட்டார்கள்.

*செய்து பாருங்கள்:* கீரைக்கார அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நேரத்தில், “உங்க ஊர்ல சொல்ற கதை ஏதாவது இருக்காம்மா?” என்று கேளுங்கள். கீரைக் கட்டோடு ஒரு பொக்கிஷம் வீட்டுக்கு வரும்.

2. சிண்ட்ரெல்லாவைக் காப்பாற்றியது பருப்பு பொறுக்கிய புறாக்கள்... தெரியுமா?

கண்ணாடிச் செருப்பு, பூசணிக்காய் வண்டி, இரவு 12 மணி. இதெல்லாம் பிரான்சின் சார்ல் பெரோ 1697-ல் எழுதியது. கிரிம் கதையில் பூசணிக்காயே கிடையாது! அம்மாவின் கல்லறை மேல் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் அங்கே உதவிக்கு வருகின்றன. மாற்றாந்தாய் ஒரு கிண்ணம் பருப்பைச் சாம்பலில் கொட்டி, “இரண்டு மணி நேரத்தில் பொறுக்கி வை” என்கிறாள். புறாக்கள் பறந்து வந்து பொறுக்கித் தருகின்றன. விடுவாளா? அடுத்து இரண்டு கிண்ணம், ஒரு மணி நேரம்! அதையும் முடித்துவிடுகின்றன.

இதற்கெல்லாம் முன்பே, 9-ஆம் நூற்றாண்டில், சீனாவில் எழுதி வைக்கப்பட்ட இதே போன்ற கதையில் நாயகிக்கு உதவுவது ஒரு மீனின் எலும்பு. செருப்போ தங்கம்!

*செய்து பாருங்கள்:* அடுத்த முறை முறத்தைப் பரப்பிக் கல் பொறுக்கும்போது வீட்டுப் பிள்ளைகளைப் புறாக்களாக நியமியுங்கள். ‘குக்கூ’ என்று கூவியபடிதான் பொறுக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிலோ துவரம் பருப்பு பறந்துவிடும்.

3. தவளைக்கு முத்தமே கிடைக்கவில்லை... தெரியுமா?

கிரிம் தொகுதியின் முதல் கதையே தவளை இளவரசன்தான். அதில் ராஜகுமாரி தவளைக்கு முத்தம் கொடுக்கவில்லை. கோபத்தில் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள்! அடித்த அடியில் அது இளவரசனாக மாறுகிறது. முத்தம் பின்னால் வந்த ஒட்டு. கதையின் மையம் வேறு. கிணற்றில் விழுந்த தங்கப் பந்தை எடுத்துக் கொடுத்தால் என் தட்டிலேயே சாப்பிடலாம் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று பிடிவாதமாக நிற்பவர் அவளுடைய அப்பா.

மாயத் தவளை நம் வயலிலேயே இருக்கிறது! பெரிய இந்தியத் தவளை இனத்தில் ஆண்கள், மழை கொட்டி இனப்பெருக்கக் காலம் வந்ததும், எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடுகின்றன. கத்தும்போது தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகள் உப்பும். மஞ்சள் பட்டு, நீல மாலை. மாப்பிள்ளைக் கோலம்தான், வேறென்ன!

*செய்து பாருங்கள்:* முத்தமும் வேண்டாம், சுவரும் வேண்டாம். “ஞாயித்துக்கிழமை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று பிள்ளைக்குச் சொன்னீர்களே, அதை இந்த ஞாயிறே நிறைவேற்றுங்கள். அந்த வீட்டில் நீங்கள்தான் ராஜா.

4. ஏழு குள்ளர்களுக்குப் பெயரே இல்லை... தெரியுமா?

கிரிம் சொன்ன ஸ்னோ ஒயிட் கதையில் குள்ளர்கள் வெறும் ஏழு பேர், அவ்வளவுதான். உலகம் இன்று மனப்பாடமாகச் சொல்லும் பெயர்கள் 1937-ல் வந்த வால்ட் டிஸ்னியின் படம் தந்தவை. பெயர் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு முகமும் ஒரு குணமும் கிடைத்துவிட்டன! அந்தப் படத்துக்காக டிஸ்னிக்குக் கொடுத்த சிறப்பு ஆஸ்கரைப் பார்த்தீர்களா? பெரிய சிலை ஒன்று, பக்கத்தில் படிப்படியாகக் குட்டிச் சிலைகள் ஏழு!

இன்னொரு கிரிம் கதையில் ஒரு மாயக் குள்ளனின் பிடியிலிருந்து ராணி எப்படித் தப்பிக்கிறாள்? அவன் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லித்தான்! பெயரே மந்திரம்.

*செய்து பாருங்கள்:* தினமும் உங்களைப் பார்த்து வணக்கம் சொல்லும் வாட்ச்மேன், குப்பை வண்டிக்கார அக்கா, பால் பாக்கெட் போடும் தம்பி. இவர்களின் பெயரைக் கேட்டு, நாளைக்குப் பெயர் சொல்லிப் பேசுங்கள். மந்திரம் பலித்ததை அவர்கள் முகத்தில் பார்க்கலாம். மிச்ச நேரத்தில் மிக்ஸிக்கும் ஒரு பெயர் வையுங்கள். தினமும் அவ்வளவு சத்தம் போட்டுப் பேசுகிறதே!

5. மந்திர மேசையை நிஜமாகவே கட்டினார் ஒரு ராஜா... தெரியுமா?

பவேரியாவின் இரண்டாம் லுட்விக். தேவதைக் கதை மாளிகை என்றால் உலகம் காட்டும் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை 1869-ல் கட்டத் தொடங்கியவர். டிஸ்னிலாந்து கோட்டைக்கே முன்மாதிரி அது! அவருடைய லிண்டர்ஹோஃப் மாளிகையில் இன்னும் ஓர் அதிசயம். சாப்பாட்டு மேசை அப்படியே கீழே இறங்கும். கீழ்த்தளத்தில் பணியாளர்கள் தட்டும் பண்டமும் பரப்புவார்கள். மேசை மறுபடி மேலே வரும்! சொன்னவுடன் தானாக விருந்து பரப்பும் மேசை ஒன்று கிரிம் கதையில் உண்டு. அதன் பெயரே இதற்கும்.

எதற்காக இத்தனை ஏற்பாடு? ராஜா தனியாகச் சாப்பிட விரும்பினார். பரிமாறுகிறவர்கள்கூடக் கண்ணில் படக் கூடாது. 1886-ல் அவர் இறந்தபோது, ஆசை ஆசையாய்க் கட்டிய நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் அவர் வாழ்ந்திருந்த நாட்கள் மொத்தம் 172.

*செய்து பாருங்கள்:* உங்களிடம் அந்த ராஜாவுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. “இன்னொரு தோசை வச்சுக்கோ” என்று சொல்ல ஆள்! வாரத்தில் ஒரு நாளாவது டி.வி.யை அணைத்துவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். தோசை மேலே வரும் வேகத்தில் அந்த மேசையே தோற்றுவிடும்.

6. பெட்டியில் கயிறு, கையில் கத்தரிக்கோல்... தெரியுமா?

குட்டிக் கடல்கன்னியையும் அசிங்க வாத்துக்குஞ்சையும் தந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், 1805-ல் டென்மார்க்கின் ஓடென்ஸ ஊரில் பிறந்தவர். அப்பா செருப்பு தைப்பவர், அம்மா துணி வெளுப்பவர். 14 வயதில் தனியாகக் கோபன்ஹேகனுக்குக் கிளம்பியவர். தீ விபத்து என்றால் அவ்வளவு பயம்! வெளியூர் போனால் ஜன்னல் வழியே இறங்கித் தப்பிக்கப் பெட்டியில் கயிறு எடுத்துப் போவார்.

குழந்தைகள் நடுவே உட்கார்ந்தால் கயிறு போய்க் கத்தரிக்கோல் வந்துவிடும். வாய் கதை சொல்லும், கை காகிதத்தை வெட்டும். கதை முடியும்போது மடித்த காகிதத்தை விரிப்பார். அன்னங்கள், கோட்டைகள், நடனப் பெண்கள்! அவர் பிறந்த ஏப்ரல் 2-ஐத்தான் 1967 முதல் சர்வதேசக் குழந்தைகள் புத்தக நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

*செய்து பாருங்கள்:* பழைய பேப்பரை எடைக்குப் போடும் முன் இரண்டு தாளை எடுத்து வையுங்கள். மடித்து, வெட்டிக்கொண்டே கதை சொல்லுங்கள். விரித்துப் பார்த்தால் யானை வெட்டப் போன இடத்தில் பூசணிக்காய் வந்திருக்கிறதா? கதையில் யானையைப் பூசணிக்காயாக மாற்றிவிடுங்கள். பெரோ கைதட்டுவார்.

7. கதை கேட்கப் போனவர் மாப்பிள்ளையானார்... தெரியுமா?

காஸலில் கிரிம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் டோர்ட்சென் வில்ட் கதை சொல்வார், வில்ஹெல்ம் எழுதிக்கொள்வார். ஆண்டுகள் ஓடின. 1825-ல் இருவருக்கும் கல்யாணம்! அண்ணன் யாக்கோபு கடைசி வரை அவர்களோடு அதே வீட்டில் வாழ்ந்தார்.

*செய்து பாருங்கள்:* கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் சரி, “நீ சின்ன வயசுல என்ன பண்ணுவ, சொல்லு” என்று இன்று கேளுங்கள். நீங்கள் கேட்காத ஒரு கதையாவது பாக்கி இருக்கும்.

8. மொட்டை மாடியில் நள்ளிரவு அதிசயம்... தெரியுமா?

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் 2022-ல் வனத்துறையினர் பார்த்த காட்சி: காட்டு மரங்களில் கணக்கில்லாத மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி, ஒரே தாளத்தில் அணைகின்றன! காட்டுக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை. தொட்டியில் வளரும் ‘பிரம்ம கமலம்’ போதும். அது ஒரு கள்ளி இனம், மெக்சிகோ பக்கத்துக்காரி. இமயமலையின் அசல் பிரம்ம கமலம் வேறு. இலை போலவே இருக்கும் தட்டைத் தண்டு ஒன்றை மண்ணில் செருகினாலே இது துளிர்க்கும். பூவோ இரவில் விரிந்து விடிவதற்குள் துவண்டுவிடும்.

எங்கள் மாடியில் முதல் மொட்டு விரிந்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டரை மணிக்கு மொட்டின் நுனி லேசாகப் பிளந்தது. எதிர் வீட்டு மாமி டார்ச்சோடு வந்தார். கீழ் வீட்டு அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி தூக்கி வந்தார். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வந்தாள். இதழ்கள் ஒவ்வொன்றாக நடுங்கி நடுங்கிப் பிரிந்தன. உள்ளே மகரந்தத் தாள்களின் கூட்டம், நடுவில் நட்சத்திரம் போல ஒரு சூல்முடி. பத்தரை மணிக்கு மாடி முழுக்க மணம். மூன்று வருஷமாகப் படியில் தலையசைத்துக் கடந்துபோன நாங்கள், அன்று பன்னிரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

*செய்து பாருங்கள்:* பக்கத்து வீட்டில் அந்த ‘இலை’ ஒன்று கேளுங்கள். பூக்கிற இரவில் தெருவையே கூப்பிடுங்கள்.

9. கதைகளின் வயது 6,000 ஆண்டுகள்... தெரியுமா?

சாரா டா சில்வா, ஜாம்ஷித் தெஹ்ரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உயிரினங்களின் வம்சாவளியைக் கண்டறியும் முறையைக் கதைகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பேயை ஏமாற்றும் கொல்லன் கதை வெண்கலக் காலத்தைச் சேர்ந்ததாக, சுமார் 6,000 ஆண்டு பழையதாக இருக்கலாம் என்று கண்டார்கள்! ஆங்கிலமும் பிரெஞ்சும் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு!

அச்சு கிடையாது, காகிதம் கிடையாது. அந்தக் கதை எதில் ஏறி வந்தது? ஒருவர் சொன்னார், ஒருவர் ‘உம்’ கொட்டினார். டோரோதியா சொல்ல கிரிம் சகோதரர்கள் கொட்டினார்கள். டோர்ட்சென் சொல்ல வில்ஹெல்ம் கொட்டினார். கோட்டை கட்டிய லுட்விக்கின் சாப்பாட்டு மேசையில் அந்த ‘உம்’ மட்டும் கேட்கவில்லை. நம் பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ‘உம்’ நின்றால் கதையையும் நிறுத்திவிடுவார்கள்.

*செய்து பாருங்கள்:* இன்று இரவு விளக்கை அணையுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். பாயில் படுத்துக்கொண்டு, “ஒரே ஒரு ஊர்ல...” என்று ஆரம்பித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.

இருட்டில், பக்கத்திலிருந்து ஒரு ‘உம்’ வரும்.