எழுத்துணரும் யந்திரம்

கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், இடப்பெயர்வுக் காலத்தில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையிற் சுற்றிச் சுமந்து திரிந்த மக்களுக்கு, ஒரு கடதாசியின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியுண்ட துயரத்தை அறிந்த சமூகத்தில், 2005 இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து பாதுகாத்து வருவது மகத்தான சேவையாகும்.

ஆயினும், ஸ்கான் செய்த பக்கம் நம் கண்ணுக்கு வாசகமாகத் தோன்றினும் கணினிக்கு அது வெறும் புள்ளிகளாலான சித்திரமே. அதில் ஒரு பெயரைத் தேடவோ, ஒரு பிழையைத் திருத்தவோ வேண்டுமானால், சித்திரத்தை எழுத்தாக மாற்றித்தரும் ‘எழுத்துணரி’ என்னும் மென்பொருளின் உதவி அவசியம். அது முதலிற் பக்கத்தின் சாய்வை நிமிர்த்தி, மங்கிய பின்னணியை நீக்கிக் கறுப்பையும் வெள்ளையையும் பிரித்து, பின்னர் வரிகளை வேறாக்கி, தான் முன்பு பயின்ற வடிவங்களுடன் ஒப்பிட்டு இன்ன எழுத்தாயிருக்கலாம் என்று அனுமானிக்கின்றது. ஹியூலெற் பக்கார்ட் கம்பெனியில் 1985 இல் ஆரம்பித்து 2005 இல் யாவருக்கும் பொதுவாக்கப்பட்ட ‘டெசரக்ட்’ இவ்வகையில் பிரசித்தமானது. தமிழையும் அது வாசிக்கும்.

தமிழெழுத்தின் சூக்ஷ்மங்களோ யந்திரத்தைப் பெரிதும் சோதிப்பவை. ‘கா’ என்பதில் வரும் அரவுக்கும் ரகரத்துக்கும் அச்சில் உள்ள பேதம் அற்பமாகையால், ‘காணி’ என்பது ‘கரணி’ ஆகும். ‘பொருள்’ என்பது ‘பெரருள்’ ஆகும். மை மங்கிய தாளிற் புள்ளிகள் மறைந்தால் ‘மாங்குளம்’ என்பது ‘மாஙகுளம’ என்று வந்து நிற்கும். தமிழ்நாட்டில் 1978 இல் அமுலுக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில், லை, னை முதலியன துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் அச்சேறியிருப்பதால், புதிய வடிவங்களை மாத்திரம் பயின்ற எழுத்துணரி அங்கே தடுமாறுகின்றது.

ஆதலால் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கான் செய்வதும், கிடைத்த வாசகத்தை மூலத்துடன் ஒப்புநோக்குவதும் இன்றியமையாதன. சொல்லிற் பிழை நேர்ந்தால் வாசிப்பவர் நாவே அதைக் காட்டிக்கொடுக்கும். இலக்கத்திற் பிழை நேர்ந்தாலோ காட்டிக்கொடுப்பார் எவருமில்லை. உறுதியில் 3 ஏக்கர் என்றிருப்பதை 8 ஏக்கர் என்று யந்திரம் வாசித்தாலும், அவ்வசனம் இலக்கண சுத்தமாகவே நிற்கும். எனவே திகதி, பரப்பளவு, உறுதி இலக்கம் ஆகியவற்றை ஒருவர் மூலத்திலிருந்து உரக்க வாசிக்க மற்றவர் திரையிற் சரிபார்ப்பதே உத்தமம். திருத்திய கோப்புடன் ஸ்கான் பிரதியையும் சேர்த்து வைத்தால், பின்னொருவருக்குச் சந்தேகம் எழுமிடத்து அதுவே சாட்சியாகும்.