புயலில் கரண்ட் போனால் வெண்ணெய் என்னாகும்? நெய் மட்டும் கெடாமல் இருப்பது ஏன்?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது, கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பக்கத்து மாவட்டமான அரியலூரின் வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம்தான். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டால் வீட்டில் இருக்கும் வெண்ணெயை என்ன செய்வது?

வெண்ணெய் ஏன் கெடுகிறது?

அதில் சுமார் 16% தண்ணீரும் கொஞ்சம் பால் புரதமும் இருக்கு. கிருமி வளர இதுவே போதும். உப்பு போடாத வீட்டு வெண்ணெய் சீக்கிரமே புளிச்சுடும்.

நெய் எப்படித் தாங்குகிறது?

உருக்கும்போது தண்ணீர் ஆவியாகிவிடும். புரதம் கசண்டாக அடியில் தங்கும். சடசட சத்தம் அடங்கி, கசண்டு பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டணும். முருங்கைக்கீரை போடுவது மணத்துக்கு மட்டுமில்லை. சிக்கு வாடை வருவதையும் அது தள்ளிப்போடும்.

எப்படி எடுத்து வைப்பது?

நன்றாகக் காய்ந்த பாட்டில், இறுக்கமான மூடி, வெளிச்சமும் சூடும் படாத இடம். ஈரக் கரண்டியை உள்ளே விடவே கூடாது. மழைக்கு முன்பே சின்னச் சின்ன பாட்டில்களில் பிரித்து வைத்தால், ஒன்றைத் திறந்தாலும் மற்றவை மாதக்கணக்கில் இருக்கும்.

சிக்கு வாடை வந்துவிட்டால் திரும்பக் காய்ச்சினாலும் சரியாகாது. கொட்டிடுங்க.