சிகிச்சை முடிந்த அன்று எங்கே போய்ப் படுப்பது?

1975-ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், குடியை விட்டவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றை மூடப்போவதாக உள்ளூர் நிர்வாகம் அறிவித்தது. நடத்தப் பணம் இல்லை என்றார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் ஒருவர் பால் மொலாய். நாடாளுமன்றத்தின் செனட் குழு ஒன்றில் வழக்கறிஞராக இருந்தவர். குடியால் வேலையையும் வீட்டையும் பறிகொடுத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவர்.

அந்த விடுதியில் யாரும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. மனம் தேறியதோ இல்லையோ, கெடு வந்ததும் பெட்டியைக் கட்டியாக வேண்டும். அப்படி வெளியே போன பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் மறுபடியும் குடிக்கத் தொடங்கியதை மொலாயும் அவருடைய நண்பர்களும் பார்த்திருந்தார்கள். விடுதி மூடப்பட்டால் தங்கள் கதியும் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். எனவே அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தார்கள். குடி மறந்தோர் குழுவைச் சேர்ந்த ஒருவர் 750 டாலர் கடன் கொடுத்தார். மேலாளர் கிடையாது, சம்பள ஊழியர் கிடையாது, ஆறு மாதக் கெடுவும் கிடையாது. வீட்டுக்கு ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இன்று அந்தப் பெயரில் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இயங்குகின்றன. ஆரம்பத்தில் குடிநோயாளிகளே வந்தார்கள். இப்போது வலி மாத்திரையில் தொடங்கி ஹெராயின், ஃபென்டனில் வரை போய்த் திரும்பியவர்களும் அவற்றின் கதவைத் தட்டுகிறார்கள்.

அவர்கள் அங்கே வந்து சேர்ந்த பாதை மருத்துவரின் மருந்துச் சீட்டிலிருந்து தொடங்கியது. 1996-இல் பர்டூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அபினிலிருந்து பிறந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸிகோடோன் என்ற வலுவான வலி நிவாரணிதான் அதற்குள் இருந்தது. மெதுவாகக் கரைவதால் பழக்கமாகிவிடும் அபாயம் குறைவு என்று சொல்லி மருத்துவர்களிடம் விற்றார்கள். 1980-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியான, ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் இந்தக் காலகட்டத்தில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டது. மருத்துவமனையில் இவ்வகை மருந்து கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நான்கு பேருக்கே பழக்கம் ஒட்டிக்கொண்டது என்றது அக்கடிதம். மருத்துவமனைக் கட்டிலில் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய குறிப்பு அது. மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் முதுகுவலிக்கும் பல் பிடுங்கியதற்கும்கூட மாத்திரைகளை எழுதிக் கொடுக்க அது துணிச்சல் தந்தது. மக்களுக்கு ஏற்படும் அபாயத்தைத் தவறாகச் சித்தரித்த குற்றத்தை பர்டூ 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1999 முதல் 2021 வரை இவ்வகைப் பொருள்களை அளவு மீறி உட்கொண்டு அமெரிக்காவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 6,45,000 பேர்.

மருத்துவர் சொன்னபடி மாத்திரை எடுத்தவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம் என்பதை நம் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நேன் கோல்டின் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் 2014-இல் மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்காக ஆக்ஸிகான்டின் எடுக்க ஆரம்பித்தார். நாளைக்கு மூன்று மாத்திரை என்று தொடங்கியது பதினெட்டில் போய் நின்றது. சிகிச்சை பெற்று மீண்ட பிறகு, பர்டூவின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகங்களுக்குள் புகுந்து, காலி மருந்துக் குப்பிகளை வீசிப் போராட்டம் நடத்தினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2021-இல் அந்தப் பெயரைத் தன் கூடங்களிலிருந்து நீக்கியது. நல்ல சிகிச்சையைத் தேடிப் போகும் வசதி கோல்டினுக்கு இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் அது இல்லை.

இந்த மருந்துகள் மூளையில் ஓபியாய்டு ஏற்பிகள் என்ற இடங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வலி அடங்குகிறது, மனம் இளகுகிறது, மூச்சும் மெல்ல மெல்லக் குறைகிறது. சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். அதே நிம்மதிக்குக் கூடுதல் மாத்திரை தேவைப்படும். திடீரென்று நிறுத்தினால் முதல் நாளுக்குள்ளேயே உடல் கலகம் செய்யத் தொடங்கும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு, வாந்தி, வயிற்றுப்போக்கு, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு, தூக்கமே இல்லாத இரவு. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெருமளவு அடங்கும்.

ஆபத்து அதன் பிறகுதான். உடம்பின் தாங்கும் திறன் இறங்கிவிட்டது. மனத்தின் ஏக்கமோ இறங்கவில்லை. சிகிச்சை முடித்து வந்தவர், பழைய நண்பர் கொடுத்த பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். ஒரு மாதம் சுத்தமாக இருந்துவிட்டு மீண்டும் ஒரே ஒரு முறை எடுத்து இறந்தவர்கள் ஏராளம். ஆகவே, மருத்துவமனையிலிருந்து பையோடு வெளியே வரும் மனிதர் அன்றிரவு எங்கே போய்ப் படுக்கிறார் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. மாத்திரை விற்பவன் குடியிருக்கும் அதே தெருவுக்கா? அலமாரியில் இன்னும் குப்பி இருக்கும் அதே வீட்டுக்கா?

இந்த இடத்தில்தான் ஆக்ஸ்போர்டு ஹவுஸ் போன்ற போதையில்லா வீடுகள் வருகின்றன. சிகிச்சை அளிக்கும் இடங்களல்ல இவை. சாதாரணக் குடியிருப்புப் பகுதியில், சாதாரண வீடு. ஆக்ஸ்போர்டு ஹவுஸ் வீடு ஒன்றில் பெரும்பாலும் ஆறு முதல் பதினைந்து பேர்வரை இருப்பார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குழந்தைகளோடு தாய்மார் தங்கும் வீடுகளும் உண்டு. புதிதாக ஒருவர் வர விரும்பினால் வீட்டாரே நேர்காணல் செய்து ஓட்டெடுப்பு நடத்துவார்கள். நூற்றுக்கு எண்பது பேர் சம்மதித்தால்தான் இடம். வாடகை, மின்சாரக் கட்டணம் எல்லாம் ஆளுக்குச் சமமாகப் பிரிக்கப்படும். எனவே வேலைக்குப் போயே ஆக வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காளர், வீட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவர் என்று பொறுப்புகள் உண்டு. யாரும் ஒரு பொறுப்பில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. ஒருவர் கை ஓங்கிவிடக் கூடாது என்பதற்காக. இதைப் படிக்கும்போது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அப்படியில்லை. மாத்திரைக்காகத் தாயின் நகையை எடுத்தவர், நண்பரிடம் பொய் சொல்லிக் கடன் வாங்கியவர், பல ஆண்டுகளாக யாராலும் நம்பப்படாதவர், அந்த வீட்டின் காசோலைப் புத்தகத்தைக் கையில் வாங்குகிறார். மாதக் கடைசியில் கணக்கு நேராகிறது. எந்த அறிவுரையும் தராத ஒன்றை அந்தக் கணக்கு அவருக்குத் தருகிறது.

புதிதாக வந்தவரைத் தனி அறையில் விடுவதைவிட இன்னொருவரோடு அறையில் சேர்த்துவிடுவதையே இந்த வீடுகள் விரும்புகின்றன. தனிமை போதைக்குத் திரும்ப அழைத்துப் போகும். இரவு இரண்டு மணிக்குக் கால் உதைத்துக்கொண்டு தூங்க முடியாமல் கிடப்பவருக்கு, அதே இரவைத் தாண்டி வந்த ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருப்பது பெரிய ஆறுதல்.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது. மீண்டும் குடித்தாலோ போதைப் பொருள் எடுத்தாலோ வெளியேற வேண்டும். மற்றவர்களின் உயிரைக் காக்க இது தேவை என்பது புரிகிறது. ஆனால் வலி மாத்திரைக்கு அடிமையானவரை நள்ளிரவில் தெருவில் விடுவது அவர் உயிரோடு விளையாடுவது. வெளியேற்றும்போதே அவரை ஒரு சிகிச்சை மையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வீடு, மூச்சு நின்றவரைப் பிழைக்க வைக்கும் நலோக்சோன் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் வீடு, இவையே பொறுப்பான வீடுகள். மூக்கில் பீய்ச்சும் நலோக்சோன் 2023 முதல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா? சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் லியனார்ட் ஜேசன் அதைச் சோதித்துப் பார்த்தார். சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஆக்ஸ்போர்டு ஹவுஸ் வீடுகளுக்குப் போனது. மறு பாதிக்கு வழக்கமான ஏற்பாடு. 2006-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டு கழித்து அந்த வீடுகளுக்குப் போனவர்களில் 31 சதவீதத்தினர் போதைக்குத் திரும்பியிருந்தார்கள். மற்றவர்களில் 65 சதவீதம். மாத வருமானமும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டது. ஆய்வு சிறியது, எல்லா வகைப் போதையும் கலந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஊழியரே இல்லாத ஒரு வீடு இவ்வளவு செய்கிறது என்றால் அதை அலட்சியப்படுத்த முடியாது.

அக்கம்பக்கத்தார் எல்லா இடத்திலும் வரவேற்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரம், உறவில்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரே வீட்டில் வாழக் கூடாது என்ற தன் விதியைக் காட்டி வழக்குப் போட்டது. அங்கிருந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்திலிருந்து அந்த நகர விதி தப்பிக்க முடியாது என்று 1995-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

இனி சொல்லப்போவது பல வீடுகளுக்குக் கசப்பானது. வலி மாத்திரை அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் என்ற இரு மருந்துகள் உண்டு. ஏக்கத்தை அடக்கி, மனிதரை வேலைக்குப் போக வைப்பவை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அளவு மீறிய மருந்தால் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய 17,568 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. அவர்களில் மெத்தடோன் எடுத்தவர்களிடம் மரணம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. பியூப்ரெனார்ஃபின் எடுத்தவர்களிடமும் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனாலும் பத்தில் மூன்று பேருக்குத்தான் ஏதாவது ஒரு மருந்து கிடைத்திருந்தது. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா என்று கேட்டு, இம்மருந்து எடுப்பவர்களைச் சேர்க்க மறுத்த வீடுகள் நிறைய. சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்திவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவர் எழுதிய இம்மருந்துக்காக ஒருவரைப் பாகுபடுத்துவது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று அமெரிக்க நீதித்துறை 2022-இல் தெளிவுபடுத்தியது. மருந்தும் வீடும் சேர்ந்தே ஒரு மனிதரை நிலைநிறுத்தும். ஒன்றைக் காட்டி மற்றதைப் பிடுங்கும் வீடு ஆபத்தானது.

அதைவிடக் கொடியவர்களும் இந்தத் தொழிலில் புகுந்தார்கள். ஃபுளோரிடாவின் டெல்ரே பீச் பகுதியில் தரகர்கள் காப்பீடு உள்ள இளைஞர்களை வலைபோட்டுப் பிடித்து, இலவச வாடகை காட்டி வீடுகளில் அடைத்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனைகளுக்காகக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கொள்ளையடித்தார்கள். நோயாளி மறுபடி போதையில் விழுந்தால் புதிய சிகிச்சை, புதிய வரவு. அரிசோனாவில் நவஹோ உள்ளிட்ட பழங்குடி மக்களைக் குறிவைத்து நடந்த பெரும் மோசடி 2023-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அரசு பணத்தை நிறுத்தியதும் பல வீடுகள் ஒரே நாளில் மூடப்பட, சொந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில் மக்கள் தெருவில் நின்றார்கள்.

இந்தியாவுக்கும் இது அந்நியக் கதையல்ல. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, அபின் வகைப் பொருள்களால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர் என்றது. மாத்திரை, ஊசி மருந்து வடிவில் உட்கொள்வோரும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றும் இளைஞர்களையும், அதைச் சட்டவிரோதமாக விற்பவர்களையும் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை போன்றவை பல்லாயிரம் குடும்பங்களுக்கு வழிகாட்டியிருக்கின்றன. ஆனால் சிகிச்சைக்கும் வீட்டுக்கும் நடுவே வேலைக்குப் போய்க்கொண்டே தங்கக்கூடிய இடங்கள் நம்மிடம் அரிது. நம் ஊரில் அந்தச் சுமை முழுவதும் அம்மாவின் தலையில், மனைவியின் தலையில் இறங்குகிறது.

மகனையோ கணவரையோ ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அரசுப் பதிவு இருக்கிறதா? மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா? அவர் எழுதும் மருந்தைத் தொடர அனுமதிக்கிறீர்களா? உள்ளே இருப்பவரை நாங்கள் நினைத்தபோது பார்க்கலாமா, பேசலாமா? மறுபடி விழுந்தால் என்ன செய்வீர்கள்? கட்டி வைத்தோ அடித்தோ திருத்துவோம் என்று ஜாடையாகச் சொன்னாலும் அங்கிருந்து அவரைக் கையோடு அழைத்து வந்துவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு, மத்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் 14446.