ஐரிஷ் கடலைக் கலக்கும் ஓதம்

டீ ஆறட்டும், அதற்குள் சொல்லிவிடுகிறேன். கடலைக் கலக்குவது காற்றும் அலையும்தான் என்று நினைக்கிறோம். மேல்மட்டத்துக்கு அது சரி. ஆனால் கண்டத்திட்டில், அதாவது சுமார் 200 மீட்டர் ஆழம் வரையிலான கரையோரக் கடலில், அடியிலிருந்து கலக்குவது ஓதம். கிளாஸின் மேலே ஊதினால் அடியில் தங்கிய சர்க்கரை அசையாது. கரண்டி அடிவரை போகவேண்டும். ஓத நீரோட்டம் கடல்தரையை உரசி ஓடும்போது எழும் சுழிப்புகள்தான் அந்தக் கரண்டி.

அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள ஐரிஷ் கடலைப் பாருங்கள். கோடை வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் லேசானது, மேலேயே நிற்கப் பார்க்கும். ஓதமோ அதைக் கீழ்நீரோடு கலக்கப் பார்க்கும். எங்கே எது ஜெயிக்கும்? 1974-இல் ஜான் சிம்ப்சன், ஜான் ஹண்டர் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஆழத்தை ஓத வேகத்தின் கனத்தால் வகுக்க வேண்டும். விடை சிறிதாக இருந்தால் மேலிருந்து அடிவரை ஒரே வெப்பநிலை. பெரிதாக இருந்தால் சூடான நீர் மேலே, குளிர்ந்த நீர் கீழே என்று இரண்டு அடுக்கு.

‘கனம்’ என்பதைக் கவனியுங்கள். ஆழம் இரட்டித்தால் கலக்கும் வேலையும் இரட்டிக்கும், அவ்வளவுதான். வேகம் இரட்டித்தால் கலக்கும் சக்தி எட்டு மடங்காகிறது. வெயில் அந்த வட்டாரம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கணக்கில் அதைச் சேர்க்கவே தேவையில்லை. ஆழமும் ஓத வேகமும் தெரிந்தால் போதும், எல்லைக்கோட்டை வரைபடத்தில் போட்டுவிடலாம். இவ்வளவு பெரிய கடல் இவ்வளவு எளிய கணக்குக்குள் அடங்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அந்த எல்லையைச் செயற்கைக்கோளின் வெப்பப் படங்களிலும் பார்க்கலாம். அடுக்கான பக்கத்தில் மேல்நீரில் வெளிச்சம் உண்டு, சத்து தீர்ந்திருக்கும். கலங்கிய பக்கத்தில் சத்து உண்டு, ஆனால் நுண்பாசிகள் அடிக்கடி இருட்டுக்குள் இழுபடும். எல்லையில் இரண்டும் கிடைப்பதால் பாசி செழிக்கிறது. மீனும் பறவையும் கூடுகின்றன.

மேற்கு ஐரிஷ் கடலில் ஆழம் 100 மீட்டரைத் தாண்டும், ஓதமும் மந்தம். அங்கே குளிர்கால நீர் அடியில் மேடுபோலத் தங்க, அதைச் சுற்றிக் கோடையில் நீரோட்டம் வட்டமிடுகிறது. சேற்றில் வளை தோண்டி வாழும் நார்வே லாப்ஸ்டரின் குஞ்சுகளை வெளியே அடித்துப் போகவிடாமல் அந்த வட்டம்தான் பிடித்துவைக்கிறது. இலையுதிர் காலத்துக் குளிரும் காற்றும் அடுக்கை உடைத்ததும் வட்டம் கலைந்துவிடும். குஞ்சுகள் அதற்குமுன் சேற்றில் இறங்கியிருக்க வேண்டும்.