விடைபெறும் வேளையில் இத்தாலியர் மொழி

புறப்படுங்கால் "போகிறேன்" என்னாது "போய் வருகிறேன்" என்பது எம்மவர் மரபு. இத்தாலியரின் "அர்ரிவெதெர்ச்சி" என்னும் சொல்லும் இவ்வினத்ததே. மீண்டும் ஒருவரையொருவர் காணும்வரை என்பது அதன் பொருள். ஆயின், ஒருவரையொருவர் கண்டேயிராத உடன்பணியாளர் பிரியும்போது யாது சொல்வது? யாழ்ப்பாணத்திலிருந்தவாறே கணினி வழியாக மிலான் நகரத்து நிறுவனமொன்றுக்குப் பணிபுரியும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். நேரில் பழகாதார் அவனை அவன் சொற்களைக் கொண்டே அளப்பர். அவற்றுள்ளும் இறுதிச் சொல்லே செவியில் நிற்பது.

முதற்கண் பொழுதை நோக்க வேண்டும். எம் நாட்டில் மாலை 6 மணியாகும்போது மிலானில் குளிர்காலமாயின் பிற்பகல் 1.30, கோடையாயின் 2.30. வேலை முடித்தெழும் எம் இளைஞன் "புவோனா செராத்தா", அதாவது மாலைப்பொழுது இனிதாகுக, என்று அவர்களை வாழ்த்துவது நண்பகலில் விளக்கேற்றுவதை ஒக்கும். "புவோனாநொத்தே" என்பதோ உறங்கச் செல்லும் வேளைக்குரியது. இங்கே பொருந்துவது "புவொன் லவோரோ" என்பதாம். உங்கள் வேலை நன்கு நடைபெறுக என்பது கருத்து. வேலையைத் தொடர்வோர்க்கு வேலையையே வாழ்த்தாக அளிக்கும் இத்தொடருக்கு நேரான வழக்கு ஆங்கிலத்தில் இல்லை. இத்தாலியர் அதனை நாடோறும் வழங்குவர். அவர்கள் மறுமொழியாக எம் இளைஞனுக்குப் "புவோனா செராத்தா" கூறின், அது முற்றும் தகும்.

அடுத்து, "சி வெதியாமோ" என்பது சந்திப்போம் எனவும், "சி செந்தியாமோ" என்பது ஒருவர் சொல்லை ஒருவர் கேட்போம் எனவும் பொருள்படும். பின்னதன் வினையடி கேட்டலையும் உணர்தலையும் ஒருங்கே குறிப்பது. தொலைவிலுள்ளார்க்கு இதுவே ஏற்றது. மறுநாளும் பேச்சுண்டாயின் "ஆ தொமானி", நாளை வரை, எனின் போதும்.

உலகெங்கும் பரவிய "சாவோ" என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு அமங்கலமாக ஒலிப்பினும், அதன் பிறப்புப் பணிவில் உளது. வெனிசு நகரத்து மொழியில் "உங்கள் அடிமை" என்ற வணக்க மொழியே குறுகி இவ்வடிவாயிற்று. எமது "அடியேன்" என்பதும் அன்னதே. ஆனால் அடியேன் திருக்கோயிலிலும் பெரியோர் முன்னும் நின்றுவிட, சாவோ தெருவிலிறங்கித் தோழர் சொல்லாயிற்று. ஆதலின் மேலதிகாரியிடம் அவர் முதலில் அதனைச் சொல்லும்வரை பொறுத்திருத்தல் நன்று. அதுவரை "அர்ரிவெதெர்லா" என்னும் மரியாதை வடிவம் உதவும். கடிதமாயின் "கோர்தியாலி சலூத்தி" என முடிக்கலாம். "அத்தீயோ" மட்டும் வேண்டாம். அது மீளாப் பிரிவைக் குறிப்பது.

வேலையை நிறுத்துவதை இத்தாலியர் "ஸ்தாக்கோ" என்றும் கூறுவர்; தொடுப்பைக் கழற்றுகிறேன் என்பது அதன் பொருள். 2017 ஆம் ஆண்டின் 81 ஆம் இலக்கச் சட்டம், அலுவலகத்துக்கு வெளியேயிருந்து உழைப்போரின் ஓய்வு நேரத்தையும், அந்நேரத்தில் கருவிகளினின்று விலகியிருக்கும் வழிவகைகளையும் உடன்படிக்கையில் வகுத்துரைக்குமாறு பணிக்கின்றது. ஆகவே "ஸ்தாக்கோ" எனக் கூற நாணவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையாயின் அதனோடு "ஆ லுனெதி", திங்கள் வரை, என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.